மனதைப் படிக்கும் டிவி ஷோக்கள்: இதில் ரசிக்க என்ன இருக்கிறது?

கேள்விக்குறி:
மென்டலிஸ்ட் (மனதைப் படிப்பதாகக் காட்டும் வித்தைக்காரர்) கிளிப் எதைப் போட்டாலும் கீழே ஒரே வசனம்: "இது மேஜிக் இல்லை, சைக்காலஜி." எனக்கு எரிச்சலே அங்கேதான். பழைய ஆட்கள் ஆவி, அபூர்வ சக்தி என்று புளுகினார்கள். இப்போது உடல்மொழி, ஆழ்மனம் என்கிறார்கள். பார்வையாளர் எழுதி மடித்த பேப்பரைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பது மட்டும் அன்றும் இன்றும் அதேதான். இதை உட்கார்ந்து ரசிப்பவர்களுக்கு என்னதான் கிடைக்கிறது?

சீட்டுக்கட்டு:
வித்தை என்று தெரிந்தே பார்க்கிறவனை ஏமாற்றுவதாக எப்படிச் சொல்வீர்கள்? மேஜிக், சஜஷன் (ஒரு எண்ணத்தை மனதில் விதைப்பது), சைக்காலஜி, கவனத்தைத் திருப்புவது, ஷோமேன்ஷிப் எல்லாம் கலந்துதான் செய்கிறேன் என்று பிரிட்டன் மென்டலிஸ்ட் டெரன் பிரவுன் வெளிப்படையாகவே சொல்கிறார். எது எவ்வளவு என்று மட்டும் சொல்ல மாட்டார். சுவாரஸ்யமே அதில்தான்.

2008-ல் வந்த அவருடைய டிவி நிகழ்ச்சி 'தி சிஸ்டம்' பாருங்கள். ஒரு பெண்ணுக்கு முகம் தெரியாத ஒருவரிடமிருந்து குதிரைப் பந்தய முடிவு முன்கூட்டியே வருகிறது. ஐந்து பந்தயம், ஐந்தும் சரி. அவர் முழுசாக நம்பிவிடுகிறார். உண்மை என்னவென்றால் தொடக்கத்தில் 7,776 பேர். ஆறு குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு குதிரை. தோற்றவர்களைக் கழற்றிவிட்டு மிச்சமுள்ளவர்களை மறுபடி ஆறாகப் பிரித்தால் 1,296, 216, 36, 6, கடைசியில் 1. அந்த ஒருத்தர்தான் இவர். அதே நிகழ்ச்சியில் வெட்டே இல்லாத ஒரே ஷாட்டில் நாணயத்தைச் சுண்ட, பத்து முறை தொடர்ந்து தலை விழும். அது விழும்வரை மணிக்கணக்கில் சுண்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நிகழ்தகவை இதைவிட நன்றாக எந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள்?

கேள்விக்குறி:
வசதியான உதாரணத்தை எடுத்துக்கொண்டீர்கள். அதே ஆள் 2009 செப்டம்பர் 9 அன்று பிரிட்டன் லாட்டரியைக் 'கணித்தாரே', அது? தன் கணிப்பு எழுதிய பந்துகளை நமக்கு முதுகு காட்டி வைத்திருந்தார். குலுக்கல் முடிந்த பிறகுதான் திருப்பினார்: 2, 11, 23, 28, 35, 39. ஆறும் சரி. இரண்டு நாள் கழித்து விளக்கம் என்ற பெயரில், 24 பேரின் ஊகங்களைச் சராசரி எடுத்தேன் என்றார். 24 பேர் சொன்னதைக் கூட்டி வகுத்து 2 வர வேண்டுமென்றால் ஏறக்குறைய எல்லோரும் 1, 2, 3 என்றே சொல்லியிருக்க வேண்டும். சும்மா விட்டிருந்தால் வித்தை. விளக்கம் கொடுத்ததுதான் அயோக்கியத்தனம்.

பின்வரிசை:
சின்ன மேடைகளில் இதைச் செய்கிறவன் என்பதால் நடுவில் வருகிறேன். இரண்டு பேருமே மேடையில் நிற்பவனைப் பற்றியே பேசுகிறீர்கள். வேலையில் பாதியைச் செய்வது பார்வையாளர்.

1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்களுக்கு ஆளுக்கொரு குணநல அறிக்கை கொடுத்தார். தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று அவர்கள் போட்ட சராசரி மார்க் ஐந்துக்கு 4.26. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே அறிக்கை! கோல்ட் ரீடிங் (முன்பின் தெரியாதவரைப் பற்றி எல்லாம் தெரிந்ததுபோல் பேசுவது) ஓடுவது இதில்தான். "உங்களுக்கு நெருக்கமான ஒரு பெரியவர்..." என்று இழுத்தால் போதும், பெயரை அவர்களே சொல்லிவிடுவார்கள். வெளியே போய், "என் பாட்டி பெயரை அப்படியே சொன்னார்" என்பார்கள்.

அப்புறம் ப்ரீ-ஷோ. நிகழ்ச்சிக்கு முன்பே வரவேற்பறையில் எதையாவது எழுதி வாங்கியிருப்போம். கேமரா முன்னால் கேட்பது இப்படி: "இந்த மேடையில் நான் உங்களை எதையாவது எழுதச் சொன்னேனா?" அவர் "இல்லை" என்பார். நூற்றுக்கு நூறு உண்மை. அவருக்கு ஒரு வித்தை, வீட்டில் பார்ப்பவருக்கு அதைவிடப் பத்து மடங்கு பெரிய வித்தை. டிவியில் இது இவ்வளவு எடுபடுவதற்குப் பாதிக் காரணம் அந்த "இல்லை" சொல்லும் முகம்தான். அவர் நடிக்கவில்லையே.

கேள்விக்குறி:
நீங்கள் எனக்காகவே வாதாடுகிறீர்கள் பின்வரிசை :) 2018-ல் உளவியல் ஆய்வாளர் குஸ்தாவ் குன் குழுவினர் இதைச் சோதித்தார்கள். வித்தை செய்தவரைச் சிலரிடம் உளவியலாளர் என்றும், சிலரிடம் மேஜிக்காரர் என்றும் அறிமுகப்படுத்தினார்கள். எப்படிச் சொன்னாலும் பார்த்தவர்களுக்கு 'உடல்மொழியை வைத்து மனதைப் படிக்கலாம்' என்ற நம்பிக்கை கூடியது. ஆக சீட்டுக்கட்டு சொல்லும் அந்த 'வெளிப்படையாகச் சொல்கிறார்' யாரையும் காப்பாற்றவில்லை.

சீட்டுக்கட்டு:
நம்ப விரும்புகிறவனுக்கு ஷோ வேண்டும் என்றே இல்லை. 1973-ல் அமெரிக்க டிவி தொகுப்பாளர் ஜானி கார்சன் நிகழ்ச்சிக்கு, மனசக்தியால் ஸ்பூனை வளைப்பதாகச் சொன்ன யூரி கெல்லர் வந்தார். மேஜிக்காரர் ஜேம்ஸ் ராண்டியிடம் யோசனை கேட்டு, பொருட்களை எல்லாம் கார்சன் தரப்பே ஏற்பாடு செய்திருந்தது. இருபது நிமிடம் போல உட்கார்ந்தும் ஒன்றும் நடக்கவில்லை. பார்க்கவே சங்கடமாக இருக்கும். கெல்லரின் மவுசு குறைந்ததா? இல்லை. "வித்தையாக இருந்தால் எப்போதும் வேலை செய்யுமே, சக்தி என்பதால்தான் சில நாள் வரவில்லை" என்று அதையே ஆதாரமாக்கினார்கள். இந்த மனசுக்கு என்ன லேபிள் ஒட்டி என்ன?

பின்வரிசை:
அந்தச் சலுகை எங்களுக்கு இல்லை. ஒரு சீட்டு மாறினால் முடிந்தது கதை.

கேள்விக்குறி:
வெறும் பொழுதுபோக்கோடு நின்றால் நான் ஏன் கத்துகிறேன்? இன்டர்வியூவில் ஆளின் கண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்கப் பயிற்சி கொடுக்கிறார்களே, அதற்கு வருவோம். அப்படிப் பார்த்தால் பொய் தெரியாது. அதனால் வேலை போகிறவன் நிஜ ஆள்.

சீட்டுக்கட்டு:
அந்தப் பயிற்சிக்குப் பணம் கட்டுகிற மேனேஜரிடம் போய்ச் சண்டை போடுங்கள்.

கேள்விக்குறி:
அவர் எதைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டினார் என்று முதலில் கேட்கிறேன்.