முறையா ஓவியம் படிச்ச பிறகு என்ன மாறுச்சு? வாத்தியார்களும் பெற்றோரும் சொன்னது

ஓவிய ஆசிரியை, தஞ்சாவூர் பக்கம்

எங்க பள்ளிக்கூடத்துல எந்தப் பிள்ளைகிட்டயும் "உனக்குப் பிடிச்ச படம் ஒண்ணு வரை"ன்னு சொல்லிப் பாருங்க. ரெண்டு முக்கோண மலை, நடுவுல பாதிச் சூரியன், வளைஞ்சு வர்ற ஆறு, ஓரமா ஒரு தென்னை, கூரை வீடு, வானத்துல நாலு காக்கா. இது டெல்டா. கண்ணுக்கு எட்டின தூரம் வயல்தான், மலை எங்க இருக்கு? அந்தப் பிள்ளை வாழ்நாள்ல மலையைப் பார்த்திருக்காது. அக்கா நோட்டுலேர்ந்து தங்கச்சி நோட்டுக்கு இறங்கி வந்த படம் அது. அம்மா நோட்டுலயும் இருந்திருக்கும்.

வாத்தியார்களும் அப்படி வந்தவங்கதான். எங்க காலத்துல அரசு நடத்துற லோயர், ஹையர் ஓவியத் தேர்வுக்கு மாதிரிப் படங்களைப் பார்த்துப் பார்த்து வரைஞ்சு கை பழகுவோம். ஸ்கேல் இல்லாம வெறுங்கையால போடுற ஃப்ரீஹேண்ட் அவுட்லைன்னா ரெண்டு பக்கமும் ஒரே அளவுல வளைவு வரணும், பொருளை வரையிற மாடல் டிராயிங்னா ஷேடிங் வழவழன்னு இருக்கணும். தப்பா வந்தா "நல்லா இல்ல, திரும்ப வரை"ம்பாங்க. என்ன நல்லா இல்லன்னு யாரும் சொன்னதில்ல. சொல்ல அவங்ககிட்ட வார்த்தை இல்ல.

கோடை லீவுல நடக்கிற தொழிலாசிரியர் பயிற்சிக்கு, டிடிசிக்குப் போனப்பதான் எனக்குக் கண்ணு திறந்துச்சு. வயசான ஒரு டிராயிங் மாஸ்டர், ரிட்டயர்டு ஆனவர். முதல்ல ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தரையில வச்சு வரையச் சொன்னார். வாய் முட்டை மாதிரி, அடி நேர்கோடு. அத்தனை பேரும் அப்படித்தான் போட்டிருந்தோம். அவர் ஒண்ணும் சொல்லல. வாளியில கயித்தைக் கட்டி உத்தரத்துல போட்டு மெதுவா இழுத்தார். மேல போகப் போக வாய் ஒடுங்கிட்டே வந்து, எங்க கண் மட்டத்துக்கு வந்ததும் வெறும் கோடாயிடுச்சு. இன்னும் தூக்கினார். இப்ப வாய் தெரியல, அடிப்பக்கம் வட்டமா தெரியுது. மறுபடி தரையில இறக்கி, "இப்ப அடியைப் பாருங்க, நேர்கோடா?"ன்னு கேட்டார். இல்ல. வாய் வளைவைவிட அடி வளைவு கூடுதலா இருந்துச்சு. வாளி தரையில சமமா உட்கார்ந்திருக்குன்னு மூளைக்குத் தெரியும், அதை நம்பி கை கோடு போட்டுடுது.

அதுக்கப்புறம் வகுப்புல நான் பேசுற பேச்சே மாறிப்போச்சு. "உன் கண்ணு வாளிக்கு மேல இருக்கு, அதனால அடியை இன்னும் வளை"ன்னு சொன்னா ஏழாவது படிக்கிற பையனுக்குக்கூடப் புரியுது. ஒருத்தன் எழுந்து, "மிஸ், நான் கீழ உட்கார்ந்திருக்கேன், எனக்கு வாயே தெரியல"ன்னான். போய் அவன் பக்கத்துல குந்திப் பார்த்தேன், அவன் சொன்னதுதான் சரி. ஓவிய வகுப்புல ஒரு பிள்ளை காரணம் சொல்லி வாத்தியாரை மறுத்துப் பேசும்னு நான் நினைச்சதே இல்ல.

இந்த மாதிரி முறையா கத்துக்கிட்டதால மாறினவங்க, இல்ல அதனால கெட்டுப்போனதா நினைக்கிறவங்க, ரெண்டு தரப்பும் எழுதுங்க.

போர்டு ஆர்ட்டிஸ்ட்டா இருந்து பகுதிநேர ஆசிரியர் ஆனவர், மதுரை

வணக்கம்க்கா. நான் சுவர் விளம்பரம், கடை போர்டு, கட்-அவுட்னு வளந்தவன். கட்டம் போட்டுக் குடுத்தா இருபதடி முகத்தையும் அச்சு அசலா இறக்கிருவேன். ஆனா கட்டமும் போட்டோவும் இல்லாம, எதுத்தாப்ல நிக்கிற ஆளை வெறும் தாள்ல வரையச் சொன்னா கை உதறும். வெளிய சொல்ல மாட்டோம், எங்க தொழில்ல முக்காவாசிப் பேர் நிலைமை அதுதான். ஃப்ளெக்ஸ் வந்து கட்-அவுட் பொழப்பு படுத்ததும்தான் பரீட்சை, சர்ட்டிபிகேட்னு அலைய ஆரம்பிச்சோம்.

2012ல அரசுப் பள்ளிகளுக்குப் பகுதிநேர ஆசிரியர்களா 16,549 பேரைப் போட்டாங்கல்ல, அதுல நானும் ஒருத்தன். அப்ப மாசம் 5,000 ரூபா, வாரத்துக்கு மூணு அரைநாள். சம்பளக் கதையை இங்க பேச வரல, பேசுனா விடிஞ்சிரும்.

சர்ட்டிபிகேட்டுக்காகப் படிச்சப்ப எனக்குச் சொல்லிக்குடுத்தவர் முதல் வேலையா என்னைய மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. "மூஞ்சி வேணாம், சட்டை பட்டன் வேணாம். உடம்பு வெயிட்டு எந்தக் கால்ல நிக்குது, தோள்பட்டை எந்தப் பக்கம் சரிஞ்சிருக்கு, அதை மட்டும் அரை நிமிசத்துல போடு"ன்னாரு. பஸ்ஸுக்கு நிக்கிற ஆளு நமக்காக அசையாம நிப்பாரா? மூட்டை வச்சிருக்க அம்மா, பிள்ளையை இடுப்புல வச்சிருக்க அம்மா, ரெண்டு பேருக்கும் இடுப்பு சாயுற தினுசே வேற. இருபது வருசமா ஆளுங்களை வரைஞ்சு சம்பாரிச்சவன் அன்னைக்குத்தான் ஆளுங்களைப் பாத்தேன்.

என் பசங்களுக்கு நான் முதல்ல சொல்லிக்குடுக்கிறது கண்ணு எங்க இருக்குங்கிறதுதான். எல்லாப் பயலும் கண்ணைத் தலையோட மேல்பாதியில, நெத்தியை ஒட்டிப் போடுவான். தலைக்கு நட்டநடுவுல இருக்குடான்னு சொன்னா நம்ப மாட்டாய்ங்க. "அளந்து பாரு"ன்னு பென்சிலைக் குடுத்துருவேன். பக்கத்துல இருக்கவன் உச்சந்தலையில இருந்து கண்ணு வரைக்கும் ஒரு அளவு, கண்ணுல இருந்து தாவாக்கட்டை வரைக்கும் ஒரு அளவு. ரெண்டும் ஒண்ணா வந்ததும் அவன் மூஞ்சியைப் பாக்கணுமே! முடி மறைச்சிருக்கதால மண்டைக்கு உரிய இடத்தை நாம கணக்குலயே சேக்கிறதில்ல. அன்னையில இருந்து அந்தப் பய வரையிற முகத்துக்கு மண்டைன்னு ஒண்ணு இருக்கும்.

ஒரு அம்மா, கோயம்புத்தூர்

நீங்க ரெண்டு பேரும் சொல்றதைக் கேக்க நல்லாத்தானுங்க இருக்கு. என்ற அனுபவம் வேற மாதிரிங்க. பொண்ணு சின்னதுல இருந்தே செவுரெல்லாம் கிறுக்குவா. இவ்வளவு ஆர்வமா இருக்காளேன்னு வீட்டுக்குப் பக்கத்துல ஒரு கிளாஸ்ல சேத்துவிட்டோமுங்க. லெவல் ஒண்ணு, லெவல் ரெண்டுன்னு புஸ்தகம், பரீட்சை, மெடல் எல்லாம் உண்டு. முறையாத்தான் நடத்தினாங்க. ஆனா மூணாவது லெவல் முடிக்கறதுக்குள்ள வீட்டுல வரையறதையே நிறுத்திட்டாளுங்க. ஏன் கண்ணுன்னு கேட்டா, "மிஸ் போடற கலர்தான் போடோணும்மா. நான் போட்டா அடிச்சுடுவாங்க"ங்கறா. அடிக்கறதுன்னா புள்ளைய இல்லீங்க, படத்து மேல சிவப்புப் பேனாவுல கோடு.

வருசக் கடைசியில கண்காட்சி வெச்சாங்க. செவுரு பூரா ஒரே கிளிங்க. ஒரே கொப்பு, ஒரே பச்சை, கழுத்தும் ஒரே பக்கம் திரும்பியிருக்குது. எது என்ற பொண்ணோடதுன்னு பேரைப் படிச்சுத்தான் கண்டுபுடிச்சேன். அப்ப இந்த முறையான கல்வி யாரை மாத்துச்சுங்க?

தொடக்கப்பள்ளி ஆசிரியை, கிருஷ்ணகிரி

கோவை அம்மா எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. உங்கள் மகளுக்கு அப்போது என்ன வயது என்று தெரியவில்லை. விஷயம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

குழந்தைகள் வரைவது வயதுக்கு ஏற்பச் சில கட்டங்களாக மாறும் என்று விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக்கல்வி அறிஞர் 1947-இல் எழுதினார். ஏழிலிருந்து ஒன்பது வயது வரை பிள்ளைகள் எதையும் ஒரு வாய்பாடாக வரைவார்கள். தாளின் அடியில் ஒரு கோடு, எல்லோரும் அதன் மேல் நிற்பார்கள். உச்சியில் நீலமாக ஒரு பட்டை, அதுதான் வானம். நடுவில் இருப்பது வெறும் காற்று. வானம் தரையைத் தொடுகிறதே என்று நாம் காட்டினாலும் அந்த வயதில் அது ஏறாது, ஏற வேண்டிய அவசியமும் இல்லை. என் வகுப்பில் ஒரு சிறுமி கர்ப்பமாக இருந்த தன் அம்மாவை வரைந்தாள். புடவைக்குள் வயிறு, வயிற்றுக்குள் பாப்பா, பாப்பா கையில் ஒரு பலூன். உள்ளே இருப்பது தெரிந்தால் வரைய வேண்டியதுதானே!

கலைக்கல்வி பற்றிய ஒரு பயிற்சியில் இதையெல்லாம் வரிசையாகப் படித்த பிறகு, அந்த வயதுப் பிள்ளைகளின் படத்தில் கை வைக்கும் ஆசையே எனக்குப் போய்விட்டது. "இது யாரு, என்ன பண்றாங்க?" என்று கேட்பதோடு சரி. ஒன்பது, பத்து வயதில் வேறொன்று நடக்கும். அதுவரை மளமளவென்று வரைந்தவர்கள் கையால் தாளை மறைக்க ஆரம்பிப்பார்கள். "எனக்கு வரைய வராது டீச்சர்" என்பார்கள். நிஜத்தைப் போல இல்லையே என்று அவர்களுக்கே தெரிய ஆரம்பிக்கும் வயது அது. வாளியின் அடி ஏன் வளைகிறது, கண் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அப்போது சொன்னால் பசித்தவன் சாப்பிடுவது போல எடுத்துக்கொள்வார்கள். ஆறு வயதில் சொன்னால் கிளிதான் வரும்.

நம் ஊரில் இது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. சின்னப் பிள்ளைகளைத் திருத்துகிறோம். சொல்லித்தர வேண்டிய ஆறாம், ஏழாம் வகுப்பில் ஓவிய பீரியடைக் கணக்கு டீச்சர் கடன் வாங்கிக்கொள்கிறார். பரீட்சைக்கு வராத பாடம்தானே!

எழும்பூர் கலைக்கல்லூரியில் படித்தவர், சென்னை

கிளிப் பிரச்சினை புதிது இல்லை. நான் படித்த கல்லூரிக்கே அந்தக் கதை உண்டு. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் ஆரம்பித்தது அது. மண்பாண்டம், மரச்செதுக்கு வேலை என்று கைத்தொழிலாளிகளைத் தயார் பண்ணுவதுதான் அன்றைய நோக்கம். பார்த்ததைப் பிசகாமல் செய்யும் கை வேண்டும், அவ்வளவே. பிற்பாடு சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக வந்தார். மெரினாவில் உழைப்பாளர் சிலை இருக்கிறதே, அவர் செய்ததுதான். அவருக்குப் பின் கே.சி.எஸ். பணிக்கர். அவரும் கல்லூரியோடு சேர்ந்த ஓவியர்களும் 1966-இல் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, படம் விற்றுப் பிழைக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். சோறு போட்டது மெழுகு வைத்துச் சாயம் ஏற்றும் பத்திக் துணியும் கைவினைப் பொருட்களும்தான். சுதந்திரமாக வரைய அவர்களுக்கு இடம் வாங்கிக் கொடுத்ததே அந்தக் கைத்தொழில் என்றுதான் நான் நினைக்கிறேன். முறையான பயிற்சி கற்பனையைக் கொல்லும் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த ஊர்தான்.

என் சொந்தக் கதை ஒன்று. முதல் வருடத்தில் எங்களுக்கு வண்ணம் எடுத்த சார், எல்லோருடைய கறுப்பு டியூபையும் வாங்கித் தன் மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார். நிழல் என்றால் கறுப்பு என்று வளர்ந்தவர்கள் நாங்கள். திருடு போனது போல இருந்தது. "அல்ட்ராமரின் நீலத்தில் பர்ன்ட் சியன்னா பழுப்பைக் கலந்து பார்" என்றார். கலந்தால் ஒரு சாம்பல் வருகிறது. நீலம் கூடினால் குளிர்ந்த சாம்பல், பழுப்பு கூடினால் வெதுவெதுப்பான சாம்பல். ஒரே வெள்ளைச் சுவரில் காலை நிழலும் நாலு மணி நிழலும் வேறு வேறு நிறம் என்பது அப்போதுதான் உறைத்தது. வாழையிலையும் அப்படித்தான். வெயில் பின்னாலிருந்து வந்தால் எலுமிச்சை மஞ்சள் கலந்த பச்சை, இலையின் மேல்புறம் வானத்தை வாங்கினால் ஏறக்குறைய நீலம். டப்பாவில் இருக்கும் பச்சை எந்த இலையிலும் கிடையாது. செமஸ்டர் முடிவில் டியூபைத் திருப்பிக் கொடுத்தார். எங்கள் பேட்சில் பாதிப் பேர் அதைத் திறக்கவே இல்லை.

குறை சொல்லவும் இருக்கிறது. நாலு வருடம் கையைப் பழக்கினார்களே தவிர, அடுத்தவருக்கு எப்படிச் சொல்லித் தருவது என்று ஒரு நாளும் யாரும் பேசவில்லை. அற்புதமாக வரையும் என் நண்பர்கள் பலர் பள்ளியில் வேலைக்குப் போய், பிள்ளைகள் முன்னால் தானே வரைந்து காட்டிவிட்டு வருகிறார்கள். பிள்ளைகள் கை தட்டுவார்கள். அதோடு முடிந்தது. கிருஷ்ணகிரி டீச்சர் படித்ததை நாங்களும் படித்திருக்க வேண்டும்.

ஓவிய ஆசிரியை, தஞ்சாவூர் பக்கம்

கோவை அம்மாவுக்கு ஒண்ணு சொல்லணும். உங்க பொண்ணு போன வகுப்புல இருந்தது வரிசைதான், முறைன்னு என்னால ஒத்துக்க முடியல. அங்க எல்லாருக்கும் ஒரே படம். நான் வகுப்புல எல்லாருக்கும் ஒரே வாளியைத்தான் வைக்கிறேன், ஆனா சுத்தி வட்டமா உட்கார வைப்பேன். ஒருத்தனுக்குக் கைப்பிடி முன்னால தெரியும், எதிர்ல இருக்கிறவனுக்கு அது வாளிக்குப் பின்னால போயிடும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவனுக்கு வெளிச்சம், இந்தப் பக்கம் இருக்கிறவனுக்கு நிழல். பக்கத்துப் பையனைப் பார்த்துப் போட்டா உடனே தப்பாத் தெரிஞ்சுடும். காப்பியடிக்கவே முடியாது.

சென்னை சார் சொன்ன குறை எங்களுக்கும் உண்டு. டிடிசியில எங்களுக்குப் பாடம் எடுக்கக் கத்துக்குடுத்தாங்க, ஆனா வண்ணத்தைப் பத்தி அவர் எழுதின அளவுக்கு யாரும் சொல்லித் தரல. அந்த நீலம்-பழுப்பு கலவையை நாளைக்கே வகுப்புல போட்டுப் பார்க்கப் போறேன்.

ஒரு அம்மா, கோயம்புத்தூர்

இப்ப அவளுக்குப் பதினொண்ணு நடக்குதுங்க. மறுபடி வேற கிளாஸ் பாக்கலாம்னு இருக்கேன். போனா என்ன பாக்கோணும், என்ன கேக்கோணும்னு சொல்லுங்க.

போர்டு ஆர்ட்டிஸ்ட்டா இருந்து பகுதிநேர ஆசிரியர் ஆனவர், மதுரை

உள்ள நுழைஞ்சதும் சுவத்தைப் பாருங்கம்மா. எல்லாம் ஒரே படமா இருந்தா அப்படியே திரும்பிருங்க. பிள்ளைங்க எதைப் பாத்து வரையிறாங்கன்னு பாருங்க. மேசை மேல செருப்பு, சொம்பு, வெங்காயம்னு ஏதாச்சும் பொருள் இருக்கணும். எந்நேரமும் செல்போன்ல இருக்க போட்டோன்னா வேணாம். டீச்சர் பிள்ளையோட தாள்லயே பென்சிலை வச்சுத் திருத்துறாங்களா, ஓரமா தனித் தாள்ல வரைஞ்சு காட்டுறாங்களான்னு கவனிங்க. ரெண்டாவது ஆளுதான் வேணும். பாப்பாவை ஒரு நாள் சும்மா உக்கார விடச் சொல்லுங்க, எந்த நல்ல டீச்சரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க. பீஸை அப்புறம் பேசிக்கலாம். மெடல் எத்தனைன்னு அவங்களாச் சொல்ல ஆரம்பிச்சா, காப்பியைக் குடிச்சிட்டுக் கிளம்பிருங்க.