புதுப்பிப்பு: பிடித்தால் வாங்குவதாக இரவல் பெற்ற குதிரை

சேரன்மாதேவி அண்ணாச்சி ஒருவரின் 6 வயது கத்தியவார் இனப் பெண்குதிரையை, பிடித்தால் வாங்கிக்கொள்ளும் பேச்சில் 2 மாதம் இரவல் பெறவிருப்பதாகவும், எழுத்தில் ஒப்பந்தம் அவசியமா என்றும் முன்பு கேட்டிருந்தேன். எழுதித்தான் பெற்றேன். விலை முதலிலேயே முடிவானது. தீவனமும் 6 வாரத்துக்கு ஒருமுறை லாடமும் என் பொறுப்பு என்பதில் சிக்கல் இல்லை, ஆனால் என் கவனக்குறைவின்றிக் குதிரைக்கு வயிற்றுவலியோ நொண்டலோ வந்தால் வைத்தியச் செலவு யாருடையது என்பதில் 2 நாள் இழுபறியாகி, பாதிப்பாதி என்று முடிந்தது. இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டியபோது, பற்களின் தேய்மானத்தைப் பார்த்த மருத்துவர் வயது 9க்குக் குறையாது என்றார். அண்ணாச்சி முகம் சுளிக்காமல் விலையைக் குறைத்து, தாளிலும் திருத்திக் கையெழுத்திட்டார். லாரிச் சத்தத்துக்கு மிரளாத குதிரை, தாமிரபரணியில் இறங்க மட்டும் மறுக்கிறது. இரவல் காலம் முடிய இன்னும் 5 வாரம் இருக்கிறது.