புதுப்பிப்பு: புலாவ் ஊபினில் கேட்ட பாட்டுக்கு உரிய பறவை

சிங்கப்பூரின் புலாவ் ஊபின் தீவில், நீர் குமிழியிடுவது போல ஓங்கி ஒலித்த ஒரு பாட்டைக் கேட்டதாகவும், பாடிய பறவை கண்ணில் படவில்லை என்றும் முன்பு எழுதியிருந்தேன். வைக்கோல் தலைக் கொண்டைக்குருவியாக இருக்கலாம் என்று சிலரும், சோலைபாடி என்று சிலரும் கூறியிருந்தீர்கள்.

இம்முறை அதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்த இணையை நேரிலேயே பார்த்துவிட்டேன். வைக்கோல் மஞ்சள் நிறத் தலை, கண்ணை ஒட்டிய கருங்கோடு, மீசை போன்ற இன்னொரு கருங்கோடு, வெண்மையான தொண்டை ஆகியவை தெளிவாகத் தெரிந்ததால், அது கொண்டைக்குருவிதான் என்பதில் எனக்கு இனி ஐயமில்லை. ஒன்று தொடங்கியதும் மற்றொன்று சேர்ந்து பாடியதைக் கேட்டது பெரும் பேறு.

இடத்தைக் குறிப்பாகச் சொல்லுமாறு கேட்டவர்கள் பொறுத்தருள வேண்டும். இந்தக் குரலுக்காகவே கூண்டுப் பறவை வணிகத்தினர் பிடித்துச் சென்றதால், தாய்லாந்துக் காடுகளிலிருந்து முற்றிலும் மறைந்துபோன இப்பறவை, 2018ஆம் ஆண்டு முதல் உலக அளவில் மிக அருகிய இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. ஆகவே, அது தங்கும் புதரைப் பொதுவில் எழுதுவது தவறு என்றே கருதுகிறேன்.

பாசிர் ரிஸ் பூங்காவில் இருவாச்சியையும் கண்டேன். சிங்கப்பூரில் 19ஆம் நூற்றாண்டில் அற்றுப்போன இந்த இனம், 1994இல் ஊபினில் மீண்டும் தென்பட்டு, பின்னர் அங்கே வைக்கப்பட்ட கூடுபெட்டிகளின் துணையோடு பெருகியது. புக்கிட் தீமா காட்டில் துடுப்புவால் கரிச்சான் மட்டுமே கிடைத்தது. அதன் படத்தை அடுத்த பதிவில் இடுகிறேன்.