மறு: 'செயின் ஆஃப் கஸ்டடி' – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்பர்களுக்கு வணக்கம்.

ஒரு சான்றுப் பொருள் எப்போது யார் யாரிடம் இருந்தது என்று இடைவிடாமல் காட்டும் வரிசையை ஆங்கிலத்தில் 'செயின் ஆஃப் கஸ்டடி' என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கோலாலம்பூரில் தடயவியல் படிக்கும் மாணவி கேட்ட கேள்விக்கு இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: காவல் சங்கிலி, சான்றுச் சங்கிலி, கைமாற்றுத் தொடர், ஒப்படைப்புத் தொடர். பினாங்கு நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் நான்கையும் குறுக்கு விசாரணை செய்கிறேன். என் கட்சியையும் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: பொறுப்புத் தொடர்.

முதலில் பொருளைப் பார்ப்போம். இரத்தக் கறை படிந்த சட்டை ஒன்று சம்பவ இடத்தில் கிடைக்கிறது. அதை உலர்த்திக் காகிதப் பையில் இடுகிறார்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் அடைத்தால் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகி மரபணுவைச் சிதைத்துவிடும். பையை ஒட்டி முத்திரையிட்டு, ஒட்டிய இடத்தின் குறுக்கே கையெழுத்து, எண், தேதி, நேரம். பிறகு அது விசாரணை அதிகாரியிடம் போகிறது, வைப்பறையில் இருக்கிறது, வேதியியல் துறை ஆய்வாளரிடம் போகிறது, திரும்ப வருகிறது, கடைசியில் நீதிமன்ற மேசைக்கு வருகிறது. கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், எப்போது என்று எழுத்தில் இருக்க வேண்டும். ஆய்வாளர் பையைத் திறக்கும் முன்பே முத்திரை சிதையாமல் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்வார். அவருடைய ஆய்வு எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் சரி, அவர் ஆராய்ந்த சட்டையும் சம்பவ இடத்தில் எடுத்த சட்டையும் ஒன்றுதானா என்ற ஐயம் எழுந்துவிட்டால் அந்த அறிக்கை நிற்காது.

போதைப்பொருள் வழக்குகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டப்படி ஒருவரிடம் 15 கிராமோ அதற்கு மேலோ ஹெராயின் இருந்தால், எதிராக நிறுவப்படும் வரை அவர் கடத்தியதாகவே அனுமானம். 39பி பிரிவில் அது மரண தண்டனை வரை போகக்கூடிய குற்றம். காவல் நிலையத்தில் பொட்டலத்தோடு சேர்த்து நிறுப்பார்கள், ஆய்வகத்தில் பொட்டலத்தைப் பிரித்துத் தூளை மட்டும் நிறுப்பார்கள். இரண்டு எடைக்கும் உள்ள வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரு காலைப் பொழுதையே ஓட்டிவிடுவார். அத்தனை கேள்விக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: அந்த நேரத்தில் அது யார் பொறுப்பில் இருந்தது?

இப்போது சொற்களுக்கு வருகிறேன்.

காவல் சங்கிலி வேண்டவே வேண்டாம். நம் நாட்டுப் பத்திரிகைகளில் தடுப்புக் காவல் என்று படித்துப் பழகியவர்களுக்குக் காவல் என்றால் ஆளைப் பிடித்து வைப்பதுதான். 'காவல் சங்கிலி அறுந்துவிட்டது' என்று நான் மொழிபெயர்த்திருந்தால், கூண்டில் நிற்பவர் தம் கைவிலங்கைத்தான் குனிந்து பார்த்திருப்பார்.

சான்றுச் சங்கிலி மலாயில் வழங்கும் 'ரந்தாயான் கெத்தராஙான்' என்பதன் நேர் நிழல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நேரில் பார்த்த சாட்சி இல்லாத வழக்கில், சூழ்நிலைச் சான்றுகள் ஒன்றோடொன்று கோத்துக் குற்றத்தைக் காட்டுவதையும் சங்கிலி என்றுதான் சொல்கிறோம். அது வாதத்தின் சங்கிலி. நமக்கு வேண்டியது ஒரு பொருள் கடந்துவந்த கைகளின் வரிசை. இரண்டுக்கும் ஒரே பெயர் இட்டால் முதலாண்டு மாணவர் தேர்விலேயே குழம்புவார்.

கைமாற்று என்பது மாதக் கடைசியில் அண்டை வீட்டில் வாங்கும் கடன். அதற்கு மேல் இதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

ஒப்படைப்புத் தொடர் மதிப்புள்ள போட்டியாளர். ஆனால் அது கைமாறும் நொடியை மட்டுமே சொல்கிறது. ஒப்படைத்த பிறகு பொருள் வைப்பறையில் ஆறு மாதம் கிடக்கிறதே, அந்தக் காலத்தில் சாவி யாரிடம் இருந்தது? சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் முளைக்கிறது. பொறுப்பு என்ற சொல் கைமாறுவதையும் வைத்துக் காப்பதையும் சேர்த்தே அள்ளிக்கொள்கிறது. அதிலிருந்து வினையும் எளிதாக வரும்: பொறுப்பேற்றார், பொறுப்பை மாற்றினார், பொறுப்புத் தொடர்ப் படிவத்தில் ஒப்பமிட்டார்.

தொடர் என்றால் சங்கிலியின் வலு போய்விடுகிறது என்று இந்த இழையில் முன்பு எழுதிய ஈப்போ ஐயா வருந்தியிருந்தார். புறநானூற்றின் 74ஆம் பாட்டில் 'தொடர்ப்படு ஞமலி' என்று வருகிறது. சங்கிலியில் கட்டுண்ட நாய் என்று பொருள். தொடர் பழைய இரும்புதான் ஐயா, அறுக்கவும் அறும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். படிவத்தில் ஒரு கையெழுத்து விடுபட்டாலே வழக்கு கவிழ்ந்துவிடும் என்று நாடகங்களில் காட்டுவார்கள். நம் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் பார்ப்பது, பொருளின் அடையாளத்தில் உண்மையான ஐயம் எழுகிறதா என்பதைத்தான். ஆகவே 'தொடரில் இடைவெளி', 'தொடர் அறுதல்' என்ற இரண்டையும் வேறு வேறாக வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஜார்ஜ்டவுன் மொழிபெயர்ப்பாளர்

•

ஐயாவுக்கு வணக்கம்.

ஒப்படைப்பை விட்டுவிடுகிறேன். ஆனாலும் பொறுப்பு மிக அகன்ற சொல். மேலாளருக்கும் பொறுப்பு, மணியக்காரருக்கும் பொறுப்பு. எங்கள் மரத் தொழிலில் சான்றிதழ் பெற்ற காட்டிலிருந்து கடை வரை மரம் வந்த வழியைக் காட்டுவதற்கும் இதே ஆங்கிலத் தொடரைத்தான் சொல்கிறார்கள். அதற்கும் இது பொருந்துமா?

ஈப்போவிலிருந்து

•

ஐயா இருவருக்கும் வணக்கம். கேள்வி கேட்டவள் நான்தான்.

மரத்துக்கு இது பொருந்தாது என்றே எனக்குத் தோன்றுகிறது. அங்கே எந்தக் காட்டு மரம் என்பதுதான் முக்கியம், எந்தக் கையில் இருந்தது என்பது அன்று. அதற்கு 'மூலத் தொடர்' போல வேறொன்றைப் பார்க்கலாம். எங்கள் துறையில் முதல் முறை 'சான்றுப் பொறுப்புத் தொடர்' என்று முழுதாக எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம்.

எனக்குப் பொறுப்பு பிடித்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. கைப்பேசியிலும் கணினியிலும் கிடைக்கும் சான்றுக்குப் பையும் இல்லை, அரக்கும் இல்லை. மூலத்தைத் தொடாமல் ஒரு நகல் எடுத்து, அதன் ஹாஷ் மதிப்பை, அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் அடையாள வரியை, எழுதி வைக்கிறோம். எஸ்எச்ஏ-256 முறையில் 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி அது. நகலில் ஒரு பிட் மாறினாலும் அந்த வரி முற்றிலும் வேறாகிவிடும். அதுதான் எங்கள் முத்திரை. நகலை இன்னொருவருக்கு அனுப்பினாலும் என்னிடமும் அது இருந்துகொண்டே இருக்கிறது. எனவே கை, ஒப்படைப்பு என்ற சொற்கள் அங்கே தடுமாறுகின்றன. யார் பொறுப்பு என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

தமிழ் மன்ற உரையில் பொறுப்புத் தொடர் என்றே பேசப் போகிறேன். கண்ணுக்குத் தெரியாமல் பரப்பில் பதிந்திருந்து, பொடி தூவினால் தெரியவரும் கைரேகைக்கு 'மறைரேகை' என்று குறித்து வைத்திருக்கிறேன். எதிர்ப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் தனி இழையில் எழுதுங்கள். திங்களன்று காட்சி வில்லைகளைக் கொடுத்தாக வேண்டும்.