பைட்டோஅலெக்சின்: தமிழில் எப்படிச் சொல்வது? (வெள்ளிக்குள் வேண்டும்)

டர்பன், பாடத்தாள் தொகுப்பு:
வணக்கம். வார இறுதித் தமிழ் வகுப்புக்கான அறிவியல் தாள் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. பைன் மரம் பூஞ்சையை எதிர்க்கும் விதம் ஒரு பக்கம் வருகிறது. பூஞ்சை தாக்கிய பிறகு செடி புதிதாக உண்டாக்கும் வேதிப்பொருளுக்கு 1940-இல் ம்யூல்லரும் பேர்கரும் வைத்த பெயர் பைட்டோஅலெக்சின். 'தாவர எதிர்நஞ்சு' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

பீட்டர்மாரிட்ஸ்பர்க், நாற்றங்கால்:
எதிர்நஞ்சு என்றால் பாம்புக்கடி மருந்துதான் நினைவுக்கு வரும். மரம் நஞ்சை முறிக்கவில்லை, நஞ்சை உண்டாக்குகிறது. இன்னொன்று, உங்கள் பக்கத்தில் ரெசினையும், அதாவது பைனில் வழியும் ஒட்டும் சாற்றையும், இதே பெயரில் சேர்த்துவிட்டீர்கள். பைனில் ரெசின் குழாய்கள் முன்பே நிரம்பி, அழுத்தத்தோடு நிற்கின்றன. பட்டை கிழிந்தால் உடனே வழியும். அதிலுள்ள டெர்பீன் என்ற வேதிப்பொருள்களில், 10 கார்பன் கொண்ட பைனீன் வகைகள் ஆவியாகிவிடும். 20 கார்பன் கொண்ட ரெசின் அமிலங்கள் இறுகிக் காயத்தை அடைக்கும். இது இருப்பில் உள்ள காப்பு. பைட்டோஅலெக்சின் அப்படியல்ல, தாக்குதல் வந்த பின்தான் பிறக்கும்.

சாட்ஸ்வர்த், தமிழாசிரியர்:
'எயில் காத்தல் நொச்சி' என்று படித்தோமே, சொல் கையிலேயே இருக்கிறது: நொச்சியம். மரத்துக்குப் பட்டைதான் எயில், அதாவது கோட்டை மதில். எய்வதற்கு இடமானதால் எயில் என்று கொண்டால், ரெசின் குழாய்கள் அம்பெய்யும் துளைகளாகவே ஆகிவிடுகின்றன! தொல்காப்பியர் நொச்சியை, மதிலை முற்றுகையிடும் உழிஞைத் திணைக்குள் அடக்கினார், புறப்பொருள் வெண்பாமாலை தனித்திணை ஆக்கியது. பூச்சி வராமலிருக்கத் தானியத்தில் போடுவதும் நொச்சி இலையைத்தான். இவ்வளவு பொருந்தி வரும் சொல் வேறு உண்டா?

ஃபீனிக்ஸ், வகுப்பாசிரியை:
ஐயா, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள். நொச்சிச் செடியையும் தெரியாது, திணையையும் தெரியாது. பள்ளியில் ஆங்கிலத்தில் அதே சொல்லைப் பார்க்கப் போகிறவர்களுக்கு 'பைட்டோஅலெக்சின்' என்றே எழுதி, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் போதும்.

ஜோகன்னஸ்பர்க்:
அதற்குமுன், பக்கத்தில் ரெசினுக்கு வரும் 'பிசின்' என்ற சொல்லைப் பாருங்கள். கருவேலம் பிசின் தண்ணீரில் கரையும். பைன் ரெசின் கரையாது, சாராயத்திலோ டர்பன்டைனிலோதான் கரையும். இரண்டையும் பிசின் என்றால் பிள்ளைக்கு எப்படிப் புரியும்? குங்கிலியம் என்று போடலாமா?

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
குங்கிலியம் வேறு மரத்தின் சரக்கு, அண்ணா. ரெசின் என்றே விடுங்கள்.

ரெசினைப் பற்றி ஒரு திருத்தம்: உங்கள் பக்கத்தில் 'ரெசின் வழிந்தால் மரம் பிழைத்தது' என்ற வரியை எடுத்துவிடுங்கள். பியூசேரியம் சர்சினேட்டம் என்ற பூஞ்சை தாக்கிய மரத்தில் ரெசின் குடம்குடமாக வழியும். பட்டையைச் சீவினால் உள்மரம் தேன் நிறத்தில் ஊறிக்கிடக்கும். பூஞ்சையோ அந்த டெர்பீன்களைத் தாங்கிக்கொண்டு வளரும். 1990-இல் நம் தென்னாப்பிரிக்காவில் நாற்றங்காலில்தான் முதலில் கண்டார்கள். பட்டுலா பைன் நாற்று வேரும் தண்டடியும் அழுகிச் சாகும். டெக்குனுமானி பைனோடு கலந்த கலப்பினம் நன்றாகத் தாங்குகிறது.

பெயருக்கு வருகிறேன். பூஞ்சையைத் தடுக்கும் பினோசில்வின் என்ற பொருள் பைனின் வைரத்தில், அதாவது நடுமரத்தில், முன்பே சேர்ந்திருக்கும். அதே மூலக்கூறு, வெளிமரத்தில் பூஞ்சை நுழைந்த பிறகுதான் உண்டாகும். ஒரே பொருள் ஓரிடத்தில் இருப்பு, மற்றோரிடத்தில் புதுவரவு. எனவே பெயர் பொருளுக்கு அல்ல, அது உண்டாகும் விதத்துக்கு வேண்டும். முன்பே இருப்பதற்கு முன்காப்பு, தாக்கிய பின் உண்டாவதற்கு எழுகாப்பு?

சாட்ஸ்வர்த்:
முன்காப்பு அல்ல, முற்காப்பு. எழுகாப்பு வினைத்தொகை, வலி மிகாது, அது சரி.

ஃபீனிக்ஸ்:
முற்காப்பு என்றால் தடுப்பூசிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். இருப்புக்காப்பு?

டர்பன்:
ஐந்து பேரில் மூவர் இருப்புக்காப்பு, எழுகாப்பு என்கிறோம். பைட்டோஅலெக்சினுக்கு 'எழுகாப்புப் பொருள்', ஒலிபெயர்ப்பு ஒருமுறை பக்கத்தில் வரும். பினோசில்வினை இரண்டு கட்டத்திலும் போடுகிறேன்.

சாட்ஸ்வர்த்:
என் வாக்கு நொச்சியத்துக்கே. எழுகாப்பு என்றால் சூரியன் எழுகிறதா, மாணவன் எழுகிறானா என்று கேட்பார்கள்.

ஜோகன்னஸ்பர்க்:
மூன்றாம் பத்தியில் இன்னும் 'பிசின்' இருக்கிறது.