புதுப்பிப்பு: தும்மினா கசியுதுன்னு எழுதியிருந்தேனே

ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் தும்மினாலோ குடத்தைத் தூக்கினாலோ சிறுநீர் கசியுது, கடலூர்லேர்ந்து புதுச்சேரிக்கு பஸ் ஏறவே பயமா இருக்குன்னு மூணு மாசம் முன்னாடி எழுதியிருந்தேன். "டாக்டரைப் பாரும்மா"ன்னு சொன்ன அக்காங்களுக்கு நன்றி. போயிட்டு வந்தேன்.

யூரின் டெஸ்ட்ல தொற்று இல்லை. சிறுநீர்ப்பையைக் கீழேர்ந்து தாங்குற இடுப்படித் தசை தளர்ந்திருக்குன்னு பிசியோதெரபிக்கு அனுப்பினாங்க. அந்தத் தசையை இறுக்கி விடுற கெகல் பயிற்சியை நான் ஏற்கெனவே வீட்ல செஞ்சுக்கிட்டுதான் இருந்தேன், ஆனா தப்பா. மூச்சைப் பிடிச்சு வயித்தையும் தொடையையும் இறுக்கிட்டிருந்தேன். காத்து பிரியாம அடக்குற மாதிரி, பின்னாலேர்ந்து முன்னால வரைக்கும் உள்ளே மேலே இழுக்கணுமாம். மூச்சு இயல்பா போகணும். சில நொடி பிடிச்சு, முழுசா விடணும். ஒரு வேளைக்கு 8 தடவை, நாளைக்கு 3 வேளை, குறைஞ்சது 3 மாசம். தும்மல் வர்ற அந்த நொடியிலயே இறுக்கிடணும். எனக்கு ரொம்பக் கைகொடுத்தது அதுதான்.

பயந்து தண்ணி குடிக்கிறதைக் குறைச்சிருந்தேன். அதுவும் தப்பு. சிறுநீர் கெட்டியானா சிறுநீர்ப்பையை இன்னும் உறுத்துமாம்.

இப்போ குடம் தூக்கினா கசியலை. தொடர்ந்து தும்மினா மட்டும் கொஞ்சம் வருது.

நேத்து அடுப்படியில அத்தை மெதுவா, "எனக்கும் பதினஞ்சு வருஷமா துணிதான்டி"ன்னாங்க. இந்த வயசுக்கும் பயிற்சி பலன் தரும். செவ்வாய்க்கிழமை அவங்களையும் கூட்டிட்டுப் போறேன்.