மறு: ‘அன்ரெஸ்டோர்ட்’ காருக்குத் தமிழ்ச்சொல்: ‘புதுக்காத’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய கார்களின் ஏலப் பட்டியல்களில் வரும் ‘அன்ரெஸ்டோர்ட்’டுக்கு (unrestored, அதாவது பெயின்ட், சீட்டுத் தோல் எல்லாம் பழையபடியே விட்டுவைத்த கார்) நம் குழுவில் இதுவரை சீரமைக்காத, பழுதுபார்க்காத, மூலநிலை என்று மூன்று சொற்கள் வந்துள்ளன. மூன்றும் எனக்கு ஒட்டவில்லை.

ஒரு காரை வைத்தே பார்ப்போம். 1969 ஃபெராரி 365 ஜிடிபி/4, டேடோனா என்று எல்லாரும் சொல்வது. ஸ்காலியெட்டி பட்டறையில் அலுமினியத் தகட்டில் உடல் அடித்தது. சாலையில் ஓட்டுவதற்கென்று அலுமினியத்தில் செய்த டேடோனா இது ஒன்றுதான். ஜப்பானில் ஒரு கொட்டகையில் பல காலம் கிடந்தது. 2017 செப்டம்பரில், ஃபெராரி ஆலை இருக்கும் மரனெல்லோவிலேயே ஏலத்துக்கு வந்தபோது தூசியைக்கூடத் துடைக்கவில்லை. படங்களைப் பாருங்கள், பானெட் முழுக்க மாவு சலித்துக் கொட்டியதுபோல் ஒரு படலம். அப்படியே 18 லட்சம் யூரோவுக்கு மேல் போனது.

இதைச் ‘சீரமைக்காத கார்’ என்றால் குறை சொல்வதுபோல் இருக்கிறது. ஏலத்தில் அதற்கு அதுதான் பெருமை. ‘பழுதுபார்க்காத’ இன்னும் தவறு. டயரை மாற்றி, பிரேக்கைச் சரிசெய்து, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினாலும் கார் அன்ரெஸ்டோர்ட்தான். பழைய பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடித்தால், சீட்டுக்குப் புதுத் தோல் தைத்தால், போயிற்று. பிறகு எவ்வளவு செலவழித்தாலும் திரும்பாது. ‘மூலநிலை’ நல்ல சொல், ஆனால் அது ‘ஒரிஜினல்’லுக்கு வேண்டும்.

என் பரிந்துரை ‘புதுக்காத’. புதுக்குதல் அகராதியில் உள்ள வினை. கோயிலைப் புதுக்க விட்ட நிலத்தைக் கல்வெட்டு ‘புதுக்குப்புறம்’ என்கிறது. ரெஸ்டோரேஷன் புதுக்கல், செய்பவர் புதுக்குநர் என்று சொற்களும் வரிசையாகக் கிடைக்கும். ‘புதுப்பிக்காத’ போதாதா என்று கேட்கலாம். ‘புதுப்பிக்காத கார்’ என்றதும் ஆர்சியோ இன்சூரன்ஸோ புதுப்பிக்கவில்லை என்றுதான் நம் ஆட்கள் படிப்பார்கள்.

‘பட்டினா’வுக்கு (patina, நாள்பட்ட பயன்பாட்டில் பொருளின் மேற்பரப்பில் ஏறும் பழமையின் தடம்) ‘களிம்பு’ என்றிருந்தார் குழுவில் ஒரு நண்பர். களிம்பு செம்பிலும் பித்தளையிலும் ஏறுவது, புளி போட்டுத் தேய்த்து எடுப்பது. அந்த டேடோனாவின் தூசியும் பட்டினா ஆகாது, ஒரு துணி போதும். சீட்டுத் தோலில் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த மடிப்பும், வெயிலில் வெளுத்த பெயின்ட்டும்தான் பட்டினா. தோல், மரம், பெயின்ட் மூன்றுக்கும் பொருந்துகிற ஒரு சொல் உங்கள் ஊர் வழக்கில் இருந்தால் அவசியம் எழுதுங்கள்.